பிழிவது கருவி, அடுக்குவது கை

இல்லமும் கைத்தொழிலும்



ஜீவனஹள்ளியில் வாடகை வீட்டில் வசிக்கும் சகோதரி ஒருவர் நமது பகுதிக்கு எழுதிய கடிதத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடி இந்நகரத்துக்கு வந்த குடும்பம் அவருடையது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவர், படுக்கையிலிருக்கும் மாமியாரைக் கவனிப்பதற்காக அவ்வேலையை விட்டுவிட்டார். பாலிமர் களிமண்ணில் சிறு பூவேலை செய்யக் கற்றிருக்கிறார். சீட்டுப் பணம் விரைவில் கைக்கு வரவிருக்கிறது. அதிலிருந்து, களிமண்ணைப் பிழியும் எக்ஸ்ட்ரூடர் கருவியும் ஒரு பெட்டி வண்ணக் களிமண்ணும் வாங்கலாமா என்பது அவருடைய முதற்கேள்வி. வீட்டிலிருக்கும் முறுக்கு உழக்கையே அதற்குப் பயன்படுத்தினால் என்ன என்பது இரண்டாவது. “நாங்கள் ஆபரணம் அணிகிறவர்கள் அல்ல, அப்படியானால் இதில் வேறென்ன செய்ய முடியும்?” என்பது மூன்றாவது.

காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம், பானஸ்வாடி என்று சுற்றிலுமுள்ள அநேக வீடுகளில் இதே கேள்விகள் இருக்கக்கூடும். வீட்டை விட்டு வெளியே போக இயலாத நிலையிலும் நாலு காசு சம்பாதிக்க வேண்டும் என்ற வாஞ்சை நல்லதே. ஆயினும் சீட்டுப் பணம் என்பது மாதாமாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். அதை ஒரு கருவியில் போடுவதற்கு முன், அக்கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெளிவாக அறிந்துகொள்வது அவசியம். ஆகவே இம்மாதம் அதையே சற்று விரிவாகக் காண்போம்.

பொருளை அறிவோம்

பாலிமர் களிமண் என்பது பெயரளவில்தான் களிமண். நம் பாட்டரி டவுன் குயவர்கள் சக்கரத்தில் வைக்கும் மண்ணுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய தூள், அதை இளக்கி வைக்கும் ஓர் எண்ணெய்ப் பதமான திரவம், வண்ணப்பொடி ஆகிய மூன்றும் சேர்ந்ததே இது. இதில் தண்ணீர் இல்லாததால் காற்றில் காய்ந்துபோகாது. சூடேற்றும்போதுதான் தூளும் திரவமும் ஒன்றாக உருகிச் சேர்ந்து கெட்டிப்படும். சோளமாவும் பசையும் கலந்து வீட்டிலேயே பிசைந்து, காற்றில் உலரவைக்கும் மாவு வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

இது தோன்றிய இடம் ஜெர்மனி. 1930களின் இறுதியில், பொம்மை செய்வதில் பெயர்பெற்ற கேத்தே குரூசே என்ற அம்மையாரிடம் பொம்மைத் தலைகள் செய்வதற்கென்று இத்தகைய பொருள் ஒன்று வந்தது. அவருக்கு அது பயன்படவில்லை. அவருடைய மகள் சோஃபி அதை எடுத்துச் சிறு உருவங்கள் செய்து பார்த்து, விற்பனைக்குரிய பொருளாக வளர்த்தார். 1964ஆம் ஆண்டில் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் அதைப் பெற்றுக்கொண்டது. இன்று ஃபீமோ என்ற பெயரில் கடைகளில் நாம் காண்பது அதுவே. தாய்க்கு உதவாத பொருள் மகளுடைய கையில் உலகப் பொருளாயிற்று.

கோல் என்பது என்ன?

வாழைத்தண்டை நறுக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? எந்த இடத்தில் வெட்டினாலும் உள்ளே அதே வளையங்கள் தெரியும். அடியில் ஒரு கோலமும் நுனியில் வேறொரு கோலமும் இருப்பதில்லை. பாலிமர் களிமண்ணிலும் இப்படியே செய்கிறார்கள். வெவ்வேறு வண்ணக் களிமண் கயிறுகளையும் தகடுகளையும் சேர்த்து, குறுக்கே வெட்டினால் பூவோ இலையோ தெரியும்படி ஒரு கோலாக அடுக்குகிறார்கள். பின்பு அதை வில்லை வில்லையாக நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ மலர்ந்திருக்கும். ஆங்கிலத்தில் பிரம்புக்கும் கரும்புக்கும் உரிய சொல்லையே இக்கோலுக்கும் வைத்து, ‘கேன்’ என்பார்கள். தண்ணீர் கேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாம் கோல் என்றே சொல்லுவோம்.

இதில் இன்னுமோர் அதிசயம் உண்டு. 4 செ.மீ. பருமனும் 4 செ.மீ. நீளமும் உள்ள கோலை எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தி, உருட்டி, 1 செ.மீ. பருமனுக்குக் கொண்டுவந்தால் அதன் நீளம் 64 செ.மீ. ஆகும். உள்ளிருக்கும் பூ அளவில் சிறுத்துப்போகுமேயன்றி உருவம் கெடாது. 2 மி.மீ. கனத்தில் நறுக்கினால் கணக்குப்படி 320 வில்லைகள். இரு முனைகளிலும் உருவம் கலைந்திருக்கும் பகுதியைத் தள்ளினாலும் இருநூறுக்கு மேல் நிச்சயமாகத் தேறும்.

நீளமாக இழுத்துப் பிறகு நறுக்கும் இந்த வழி நம் நாட்டுக்குப் புதியதன்று. புதுச்சேரிக்கு அருகே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு செய்தனர். அங்கே கிடைத்தவற்றுள் சிறிய கண்ணாடி மணிகள் ஏராளம். உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, ஆறியபின் சிறு துண்டுகளாக வெட்டி, மறுபடியும் சூடேற்றி முனைகளை மழுங்கச் செய்த மணிகள் அவை. இவ்வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கிழக்காசியா வரை கடல் வழியே சென்றிருக்கின்றன. ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறையைக் கைவிடாமல் காத்துவந்த குடும்பங்களை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள். இத்தாலியில் வெனிஸ் நகரத்தை அடுத்த முரானோ தீவின் கண்ணாடிக்காரர்களோ, பல வண்ணக் கோல்களை ஒன்றாகச் சேர்த்து இழுத்து, வில்லைக்கு ஒரு பூவாக வெட்டினார்கள். ‘ஆயிரம் பூக்கள்’ என்று பொருள்படும் மில்லெஃபியோரி என்பது அதன் பெயர். உலையும் கொதிக்கும் கண்ணாடியும் இல்லாமல், சமையலறை மேசையில் அதைச் செய்துகொள்ள வழி திறந்ததே பாலிமர் களிமண்ணின் சிறப்பு.

கருவி செய்வது இவ்வளவே

எக்ஸ்ட்ரூடர் என்றதும் பெரிய இயந்திரம் என்று எண்ணவேண்டாம். இடியாப்ப அச்சு தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். ஒரு குழல், அதன் ஒரு முனையில் துளையிட்ட தகடு, மறுமுனையில் அழுத்தும் தண்டு. சாதாரண வகையில் கட்டைவிரலால் தள்ளவேண்டும். சற்று விலை கூடியதில் கைப்பிடியைத் திருகினால் தண்டு மெல்ல உள்ளே இறங்கும். களிமண் இடியாப்ப மாவைக் காட்டிலும் மிகவும் கெட்டியானது. தள்ளும் வகையில் மணிக்கட்டு வலிக்கும். வாங்குவதானால் திருகும் வகையையே வாங்குங்கள். அதனுடன் வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், அரைவட்டம் என்று 20 தகடுகள் வரை வருவதுண்டு.

இனி முறுக்கு உழக்கைப் பற்றிய கேள்விக்கு வருவோம். பதில் ஒரே சொல்: கூடாது. ஒருமுறை பாலிமர் களிமண்ணைத் தொட்ட பாத்திரமோ கத்தியோ பூரிக்கட்டையோ மறுபடியும் உணவுக்கு வரலாகாது. களிமண்ணை இளக்கும் திரவம் துளைகளிலும் திருகுப் பள்ளங்களிலும் தங்கிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் முழுவதும் போய்விட்டதென்று சொல்வதற்கில்லை. இத்திரவங்களுள் தாலேட் வகையைச் சேர்ந்த சிலவற்றைச் சிறுவர் விளையாட்டுப் பொருள்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று அமெரிக்கா 2008ஆம் ஆண்டில் சட்டமியற்றியது. பெயர்பெற்ற நிறுவனங்கள் இன்று அவற்றைத் தவிர்த்தே களிமண் செய்கின்றன. ஆனால் பெயரில்லாத மலிவுப் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று யார் அறிவார்? பழைய உழக்கு ஒன்று உபரியாக இருந்து, அதை இனிமேல் சமையலறைக்கே கொண்டுவருவதில்லை என்று தீர்மானித்தாலும் பெரிய பயனில்லை. மாவுக்குச் செய்த உழக்கின் வாய் அகலமானது. கெட்டியான களிமண்ணை அதில் கையால் அழுத்துவது மிகக் கடினம்.

மூன்று சோதனைகள்

கருவி கையில் இருக்கிறவர்களும், ஒருவரிடம் இரவல் வாங்கக் கூடியவர்களும் கீழ்க்காணும் சோதனைகளை வரிசையாகச் செய்து பாருங்கள். விலையுயர்ந்த வண்ணங்கள் வேண்டாம். வெட்டி மிஞ்சிய துண்டுகளே போதும்.

தொடங்குமுன் களிமண்ணை நன்றாகப் பிசைந்து இளக்குங்கள். எல்லா வண்ணமும் ஒரே பதத்துக்கு வரவேண்டும். ஒன்று இளகியும் மற்றொன்று இறுகியும் இருந்தால் இளகியது முந்திக்கொண்டு உருவத்தைக் கெடுக்கும். மிகவும் இளகியதை வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்டையாக்கி ஓர் இரவு வைத்தால் அதிகப்படியான எண்ணெயைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். குழலின் உட்புறத்தைக் காட்டிலும் மயிரிழை குறைந்த பருமனில் களிமண்ணை உருட்டி உள்ளே இடுங்கள். துண்டு துண்டாக அடைத்தால் இடையில் காற்று நின்று, பிழியும்போது இழை அறுந்து வெடிக்கும்.

முதற்சோதனை. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்றையும் தட்டை வில்லைகளாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். துளைத் தகட்டை ஒட்டிக் கறுப்பு இருக்கட்டும். அதற்குப் பின்னால் சிவப்பு, அதற்கும் பின்னால் மஞ்சள். வட்டத் தகட்டை மாட்டி, மெதுவாகத் திருகுங்கள். முதலில் கறுப்பு இழை முழுவதும் வந்து தீர்ந்தபின் சிவப்பு வரும், பின்பு மஞ்சள் வரும் என்றுதானே எதிர்பார்க்கிறோம்? நடப்பது வேறு. முதலில் கறுப்பு வரும். சற்று நேரத்தில் இழையை வெட்டிப் பார்த்தால் கறுப்பு வளையத்தின் நடுவே சிவப்புப் புள்ளி தோன்றியிருக்கும். இன்னும் சற்றுப்பொறுத்து வெட்டினால் கறுப்புக்குள் சிவப்பு, சிவப்புக்குள் மஞ்சள் என்று மூன்று வளையங்கள். வரவர நடுவிலுள்ள மஞ்சள் பருத்து, கறுப்பு ஓரத்தில் ஒரு தோலாக மெலிந்துபோகும்.

இதன் காரணம் எளியது. ஆற்றின் நடுநீர் விரைந்தோடும். கரையோர நீர் கரையில் உராய்ந்து மெதுவாகச் செல்லும். குழலுக்குள்ளும் அப்படியே. சுவரை ஒட்டிய களிமண் உராய்வினால் தங்கி நிற்க, நடுவிலிருப்பது முந்திச் செல்கிறது. பின்னால் வைத்த வண்ணம் முன்னால் வைத்ததன் நடுவைத் துளைத்துக்கொண்டு வருகிறது. ஆகவே இவ்விதியை மனதில் வையுங்கள்: தகட்டை ஒட்டி வைப்பது தோலாகும், பின்னால் வைப்பது நெஞ்சாகும். கறுப்புக் கரையிட்ட மஞ்சள் பூவிதழ் வேண்டுமானால் கறுப்பைத் தகட்டருகே வையுங்கள். வெள்ளைக் கரை வேண்டுமானால் வெள்ளையை வையுங்கள்.

மற்றொன்றையும் இச்சோதனை கற்பிக்கிறது. இவ்விதம் வந்த இழை உண்மையான கோல் அன்று. வாழைத்தண்டைப்போல் நெடுகிலும் ஒரே உருவம் அதில் இல்லை. அடிக்கும் நுனிக்கும் வளையங்களின் அளவு மாறிக்கொண்டே இருக்கிறது. ஐம்பது பொத்தான்கள் ஒன்றுபோல் வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் இந்த இழையை நேராக நறுக்கிக் கொடுக்க முடியாது.

இரண்டாம் சோதனை. அந்தக் குறையையே நிறைவாக மாற்றுவது. அதே இழையை 4 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டில் கறுப்பு மிகுந்திருக்கும், ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள். அவற்றை விறகுக் கட்டைப்போல் ஒன்றாகச் சேர்த்து, மேலே ஒரு மெல்லிய தகட்டைச் சுற்றி, எல்லாப் பக்கமும் மெதுவாக அழுத்துங்கள். இடைவெளிகள் மூடி, வட்டங்கள் ஒன்றையொன்று நெருக்கித் தேன்கூட்டின் அறைகளைப்போல் அறுகோணமாக மாறும். இப்போது குறுக்கே வெட்டிப் பாருங்கள். சரிகை வலையைப்போல் ஒரு கோலம் தெரியும். அறைக்கு அறை வளையங்கள் வேறுபட்டிருந்தாலும், கட்டின் மொத்தக் கோலம் வில்லைக்கு வில்லை பெரிதும் ஒத்திருக்கும். கரு வண்ணங்களை மட்டும் ஓரத்திலும் வெளிர் வண்ணங்களை நடுவிலும் வைத்தால் அதுவே ஒரு மலர். கருவி தந்தது இழை. மலராக்கியது உங்கள் அடுக்கு.

மூன்றாம் சோதனை. கிராஸ் ஸ்டிச் தையல் அறிந்த சகோதரிகளுக்கு இது மிகவும் பிடிக்கும். சதுரத் தகட்டை மாட்டி, 2 மி.மீ. பக்கமுள்ள இழைகளை ஒவ்வொரு வண்ணத்திலும் தனித்தனியாகப் பிழியுங்கள். கட்டம் போட்ட தாளில் 7க்கு 7 என்று 49 கட்டங்களில் ஒரு சிறு பூவை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு இழையையும் 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் மொத்தம் 245 செ.மீ. இழை தேவை. தாளைப் பார்த்து வரிசை வரிசையாக அடுக்கினால் 14 மி.மீ. சதுரக் கோல் கிடைக்கும். அதை 7 மி.மீ. அளவுக்குக் குறுக்கினால் நீளம் 20 செ.மீ. ஆகும். 2 மி.மீ. கனத்தில் 100 வில்லைகள். முனைக்கழிவு போக எண்பதுக்குக் குறையாது.

கருவியின் மெய்யான பயன் இங்கேதான் விளங்கும். 49 இழைகளையும் கையால் உருட்டினால் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் பூ கோணலாகிவிடும். எல்லாம் ஒரே அளவாயிருக்கும்படி செய்வது கருவிக்கு எளிது, கைக்கு அரிது. ஆனால் 49 இழைகளில் எது எங்கே இருக்கவேண்டும் என்பதைக் கருவி அறியாது.

அடுக்கி முடித்த கோலை உடனே நறுக்க வேண்டாம். கையின் சூட்டில் இளகியிருக்கும்; பிளேடு பட்டதும் நசுங்கும். சில மணி நேரம் ஆறவிடுங்கள். அவசரமானால் உறையில் மூடிக் குளிர்பெட்டியில் சிறிது நேரம் வைக்கலாம். மெல்லிய பிளேடால் ஒரு வில்லை வெட்டியதும் கோலைக் கால் வட்டம் திருப்பி அடுத்ததை வெட்டினால் ஒரே பக்கம் தட்டையாகாது.

ஒற்றை அறை வீட்டுக்குச் சில எச்சரிக்கைகள்

இந்நகரத்தில் நம்மில் அநேகருடைய வீட்டில் சமைப்பதும் உறங்குவதும் அடுத்தடுத்த அறையில், சில வேளைகளில் ஒரே அறையில். படுத்திருக்கும் முதியவரும் கைக்குழந்தையும் அங்கேயே இருப்பார்கள். ஆகவே இப்பகுதியை மிகுந்த கவனத்துடன் வாசியுங்கள்.

சுடும் சூடு பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும். நிறுவனத்துக்கு ஏற்ப அது பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ், நேரம் ஏறத்தாழ 30 நிமிடம். ஓ.டி.ஜி. அடுப்பின் குமிழ் 110 என்று காட்டுவதால் உள்ளே 110தான் இருக்கும் என்று நம்பவேண்டாம். அடுப்புக்குள் வைக்கும் தனி வெப்பமானி ஒன்றை வாங்கி வையுங்கள். எக்ஸ்ட்ரூடருக்கு முன்பே வாங்கவேண்டியது இதுதான். சூடு அளவு மீறி 175 டிகிரியை நெருங்கினால் பி.வி.சி. கருகத் தொடங்கி, ஹைட்ரஜன் குளோரைடு என்ற காரமான வாயுவை வெளியிடும். கண்ணும் தொண்டையும் எரியும். அப்படி நேர்ந்தால் அடுப்பை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, வீட்டிலுள்ளோர் அனைவரும் வெளியே வந்துவிடவேண்டும். மைக்ரோவேவ் அடுப்பிலோ, வாணலியிலோ, தணலிலோ ஒருபோதும் சுடாதீர்கள். சுடும்போது உணவை உடன் வைக்காதீர்கள். படுக்கையில் நோயாளி இருக்கும் அறையில் சுடாமல், காற்றோட்டமுள்ள வேறு இடத்தில் சுடுங்கள்.

வேலை செய்யும் பலகையிலும் கவனம் தேவை. சுடாத களிமண் வார்னிஷ் பூசிய மேசையில் கறை உண்டாக்கும். வீட்டுக்காரருடைய மேசையானால் வீண் வழக்கு. பழைய தரை டைல் ஒன்று போதும். அதன்மேலேயே வேலை செய்து, அப்படியே அடுப்பிலும் வைத்துவிடலாம். சேமித்து வைக்கும் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் பயமில்லை. 6 என்றிருந்தால் களிமண் அந்த டப்பாவையே அரித்து ஒட்டிக்கொள்ளும். வெயில் விழும் சன்னலோரத்தில் வைத்தால் அடுப்புக்குப் போகுமுன்பே இறுகத் தொடங்கும். வேலை முடிந்ததும் கையை முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, பின்பு சோப்பினால் கழுவுங்கள்.

என்ன செய்யலாம்?

இனி மூன்றாவது கேள்வி. பாலிமர் களிமண் என்றாலே காதணியும் மணிமாலையும்தான் கடைகளில் முன்னிற்கின்றன. தாங்கள் அணியாததைப் பிறருக்குச் செய்து விற்பதா என்ற தயக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. அதை அவரவர் மனசாட்சிக்கும் குடும்பத்தின் ஆலோசனைக்கும் விட்டுவிடுவோம். ஆனால் ஆபரணத்தை ஒதுக்கிவிட்டால் தொழிலே இல்லை என்று எண்ணவேண்டாம்.

சட்டைக்கும் குழந்தை உடைக்கும் பொத்தான்கள், சாவி வளையம், புகைப்படச் சட்டத்தின் ஓரம், குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தப் பூ, சுவர்க்கடிகார எண்கள், கண்ணாடிக் குப்பியின் வெளிப்புற அலங்காரம் ஆகிய யாவும் இந்த வில்லைகளால் ஆகும். பேனாவின் மேல் உறையாகவும் ஒட்டலாம். ஆயினும் சூட்டில் உருகாத பேனாதானா என்று உள்ளிருக்கும் மைக்குழாயை எடுத்துவிட்டு வெறும் உடலை ஒருமுறை அடுப்பில் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். குப்பியை அலங்கரிக்கும்போது வாய்ப்பகுதியை விட்டுவிடுங்கள். தட்டு, தம்ளர், கரண்டி என்று உணவு தொடும் எதையும் இதனால் செய்யக்கூடாது. வாயில் வைக்கும் வயதுள்ள குழந்தைகளுக்கான பொருளும் வேண்டாம்.

ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்தவருக்குப் பொத்தானின் மதிப்பைச் சொல்லவேண்டியதில்லை. சுடிதார் தைக்கும் கடைக்காரர் துணியின் வண்ணத்துக்கு இசைந்த பத்துப் பொத்தான்களைத் தேடி அலைவதுண்டு. துணியைக் கண்டு அதற்கேற்ற கோலை அடுக்கிக் கொடுக்கக் கூடியவருக்கு அக்கம்பக்கத்திலேயே வேலை கிடைக்க இடமுண்டு. துவைப்பில் நிற்குமா என்று நீங்களே ஒரு பழைய உடையில் தைத்துப் பல முறை துவைத்துப் பார்த்த பிறகே பிறருக்குக் கொடுங்கள்.

வாங்கலாமா?

முதற்கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். கருவி உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும். வேலையை உண்டாக்கித் தராது. மிச்சப்படுத்த நேரமே இல்லாத அளவுக்கு வேலை வந்து குவிந்தபின் வாங்கும் கருவி ஆதாயம். வேலை வரும் என்ற நம்பிக்கையில் வாங்கும் கருவி பரண்மேல் கிடக்கும்.

ஆகையால் இப்படிச் செய்யுங்கள். சீட்டுப் பணத்தில் கைவைக்குமுன் மூன்று வண்ணக் கட்டிகள், ஒரு பிளேடு, ஒரு வெப்பமானி மட்டும் வாங்குங்கள். நண்பரிடமோ உறவினரிடமோ அடுப்பு இருந்தால் முதலில் அதில் சுட்டுக்கொள்ளலாம். உணவு இல்லாத வேளையாக இருக்கட்டும், முடிந்தபின் துடைத்துக் கொடுங்கள். கையாலேயே உருட்டி ஒரு கோல் செய்து, 20 பொருள்கள் முடியுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டு, களிமண்ணுக்கு ஆன செலவையும், உழைத்த மணி நேரத்தையும், கையில் வந்த தொகையையும் எழுதுங்கள். வந்த தொகையில் செலவைக் கழித்து, மிச்சத்தை மணிக்கணக்கால் வகுத்தால் உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு தெரிந்துவிடும். முன்பு தொழிற்சாலையில் பெற்ற கூலியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தாலும், வீட்டைவிட்டுப் போகாமல் மாமியாரைப் பார்த்துக்கொண்டே வந்த பணம் என்பதையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் வாடகையை இதை நம்பி ஒத்திவைக்கக்கூடாது. உறவினர் அன்புக்காக வாங்கியதைத் தனியாகவும், முன்பின் அறியாதவர் விலை கொடுத்து வாங்கியதைத் தனியாகவும் எழுதுங்கள். இரண்டாவது எண்ணிக்கைதான் உங்கள் தொழிலின் உண்மையான அளவு.

இன்னொரு காரியம். “பயிற்சியும் பெட்டியும் தருகிறோம், இவ்வளவு கட்டுங்கள், நீங்கள் செய்வதையெல்லாம் நாங்களே வாங்கிக்கொள்வோம்” என்று சொல்லி வருகிறவர்கள் எல்லாக் கைத்தொழிலிலும் உண்டு. பணம் கட்டியபின் உங்கள் பொருளில் குறை சொல்லித் திருப்பியனுப்புவது அவர்களில் பலருடைய வழக்கம். ஒன்றை நினைவில் வையுங்கள்: உண்மையில் வாங்குகிறவர் முன்பணம் கொடுப்பார், முன்பணம் கேட்கமாட்டார். பெட்டி வேண்டாம், முதலில் என் பத்துப் பொருளை விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

மூன்று மாதம் நோட்டு எழுதியபின், அறியாதவர் கேட்டு வாங்கும் எண்ணிக்கை மாதாமாதம் கூடிவந்தால், இழை உருட்டுவதிலேயே பாதி நேரம் போகிறது என்று கண்டால், தயங்காமல் திருகும் எக்ஸ்ட்ரூடரை வாங்குங்கள். அதற்குள் உங்கள் விரல்கள் அடுக்கும் கலையை அறிந்திருக்கும். அப்போது கருவி உங்களுக்கு வேலைசெய்யும்.

வட்டத் தகட்டில் மூன்று வண்ணச் சோதனையைச் செய்து பார்த்தவர்கள் எந்த வண்ணம் எங்கே வந்தது என்று எழுதியனுப்புங்கள். கட்டத்தாளில் நீங்கள் வரைந்த 7க்கு 7 பூ மாதிரிகளையும் அனுப்பலாம். அடுத்த இதழில், இரு வண்ணங்களை இடையில் கோடு தெரியாமல் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கரையச் செய்யும் முறையையும், அதனால் இலையும் இதழும் அமைக்கும் விதத்தையும் காண்போம்.